பத்து மணிக்கு மேல் ஆற்றங்கரையில்

என் அக்காவுக்குத் தெருவில் வைத்த பெயர் கொக்கம்மா. ஒல்லி உடம்பு, நீளக் கழுத்து. பனிக்காலம் வந்துவிட்டால் ஆற்றோரச் சேற்றருகே மணிக்கணக்காக அசையாமல் நிற்பாள். பெயர் வைத்தவனுக்குக் கண் நன்றாகத்தான் இருந்திருக்கிறது, வாய்தான் சரியில்லை. அக்கா அதற்கெல்லாம் அசரமாட்டாள். அந்தப் பெயரில் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பாள்.

அவள் செய்வது பல் செட். சின்ன அறையில் மேஜை விளக்கின் கீழே குனிந்து, ஊரார் வாய்க்குள் போகப்போகிற பற்களை ரோஸ் நிற மெழுகில் ஒவ்வொன்றாக நட்டு, பிறகு தேய்த்து மெருகேற்றுவாள். சாயங்காலம் தலையெல்லாம் வெள்ளைத் தூளாக இருக்கும். ஒரு சாண் தூரத்தையே வருஷக்கணக்காகப் பார்த்ததில் கண் அசந்துபோனது. "தினமும் கொஞ்ச நேரம் தூரமா எதையாவது பாருங்கம்மா" என்றார் கண் டாக்டர். மற்றவர்கள் என்றால் மொட்டை மாடியோடு நின்றிருப்பார்கள். இவள், தூரத்தைப் பக்கத்தில் இழுக்கிற பைனாகுலர் ஒன்றை வாங்கிக்கொண்டு ஆற்றுக்குப் போனாள். போனவள் போனவள்தான்.

எங்கள் ஆறு கடலை ஒட்டி ஓடுவது. கடல்தண்ணீர் உள்ளே ஏறும், பிறகு வடியும். வடிந்த நேரத்தில் பறவைகள் நடு ஆற்றுச் சேற்றில் வெறும் புள்ளிகளாகத் தெரியும். தண்ணீர் ஏற ஏறச் சேறு முழுகிவிடும். குளிருக்குப் பயந்து எங்கிருந்தோ வந்த உள்ளான் பறவைகள் எல்லாம் அப்போது கரைக்கு வந்து ஒண்டும். அந்த ஏற்றத்துக்குத்தான் அக்கா காத்திருப்பாள். அது ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடத் தாமதமாக வரும். அதற்கேற்றபடி பல் வேலையை முன்னும் பின்னும் தள்ளிக்கொள்வாள்.

போன வருஷம் கரையோரம் அடுக்குமாடி வந்தது. பாதைக்குக் குறுக்கே இரும்புக் கேட்டும் வந்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளரை அக்கா நச்சரித்து எடுத்தாள். கடைசியில் மனுஷர் இறங்கி வந்தார். வெளியாட்கள் காலை எட்டிலிருந்து பத்து வரை வரலாமாம். அக்கா ஜெயித்துவிட்டாள் என்று தெருவே பேசியது. அக்கா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"அதான் கேட்டத் தொறந்துட்டாங்களேக்கா. இன்னும் என்ன?"

"அந்த நேரத்துல தண்ணி ஏறறது மாசத்துல சில நாள்தான்டி. மத்த நாள்ல வெறும் சேத்தப் பாக்கவா போறேன்? பிச்ச போடற மாதிரி போட்டுட்டு, நன்றி வேற எதிர்பாக்கறாங்க."

மறுநாள் எட்டு மணிக்குப் போனவள் மதியமாகியும் திரும்பவில்லை. வாட்ச்மேன் போன் செய்தார். "உங்கக்கா வெளிய வர மாட்டேங்கறாங்கம்மா. சார் கோவமா இருக்காரு." எனக்கு மானம் போயிற்று. திட்டி இழுத்து வரத்தான் கிளம்பினேன்.

கேட்டருகே செயலாளர் பூட்டும் கையுமாக நின்றார். வெயிலே இல்லாத அந்த மந்தார மதியத்தில் அக்கா ஸ்வெட்டரும் குல்லாயுமாகக் கரைக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். அவள் காதருகே குனிந்து, "வாக்கா, அசிங்கமா இருக்கு" என்றேன்.

"நாள் பூரா யார் யார் வாய்க்கோ உழைக்கறேன். எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான். இப்ப எந்திரிச்சு வந்தா, அடுத்த வருஷம் அந்த ரெண்டு மணி நேரமும் கெடையாதும்பாங்க. தண்ணி இப்பதான் ஏற ஆரம்பிச்சிருக்கு. நீ போ."

சொல்லிவிட்டுப் பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, சீக்கிரம் கூட்டிட்டுப் போங்க" என்றார் செயலாளர். "வயசான காலத்துல வீட்ல அடங்கி இருக்கத் தெரியல. நீங்களாவது ரெண்டு அதட்டு போட்டு வச்சிருக்கலாம்."

அதுவரை எனக்கு அக்கா மேல்தான் கோபம். அந்த நிமிஷம் அது ஆள் மாறியது. என் அக்காவை நான் ஆயிரம் சொல்வேன். இவர் யார் சொல்ல? கல்லில் அவளை ஒட்டி உட்கார்ந்தேன். கல் ஐஸாகச் சில்லிட்டது.

"பூட்டிக்கோங்க சார்" என்றேன். "நாளைக்குத் தண்ணி இன்னும் லேட்டாத்தான் ஏறும். நாங்களும் லேட்டாத்தான் எந்திரிப்போம்."

பின்னால் பூட்டு விழுந்தது. அக்கா திரும்பவில்லை.

"கத்தாதடி" என்றாள். "உள்ளான் கிட்ட வந்துடுச்சு பாரு."