மாதிரிக்குப் போட்ட எண்

கோர்டி ஸ்டெங்கலின் நகக்கண்ணில் எப்போதும் பெயிண்ட் ஒட்டியிருக்கும். அமெரிக்காவில் சிப்பெவா ஆற்றங்கரையில் உள்ள எங்கள் ஊர் ஹார்ட்வேர் கடையில் பெயிண்ட் கலக்கிக் கொடுப்பது அவன் பிழைப்பு. ஆனால் அவன் உயிர் இருந்தது வீட்டு நிலவறையில். அங்கே ஒரு கம்ப்யூட்டர், பக்கத்தில் அதை போனில் பேசவைக்கிற ஒரு மோடம், அதிலிருந்து சுவருக்குப் போகிற போன் கம்பி. எங்களைப் போன்ற கம்ப்யூட்டர் பைத்தியங்கள் எங்கள் வீட்டிலிருந்து அந்த எண்ணுக்கு போன் போட்டு உள்ளே நுழைவோம். யார் என்ன எழுதிப்போட்டிருக்கிறார்கள் என்று படிப்போம், பதில் எழுதுவோம், வெளியே வருவோம். அதற்குப் பெயர் போர்டு. லைன் ஒன்றே ஒன்று என்பதால் ஒருத்தர் உள்ளே இருந்தால் மற்றவர்கள் காத்துக்கிடக்க வேண்டியதுதான்.

அந்த போர்டை நடத்துகிற புரோகிராமை கோர்டியே எழுதினான். அதில் சல்லிக்காசு வருமானம் கிடையாது. கேட்டவனுக்கெல்லாம் பிளாப்பியில் போட்டுக் கொடுத்தான். வாங்கியவன் இன்னொருத்தனுக்குக் கொடுத்தான். எந்த ஊரில் எவன் வீட்டில் அது ஓடுகிறது என்று எழுதியவனுக்கே தெரியாது. எங்கள் கூட்டத்தில் அதுதான் வழக்கம், அதுதான் பெருமையும்.

எண்பத்தாறாம் வருஷம் இலையுதிர் காலத்தில் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு போர்டு இன்னொரு போர்டை தானாகவே போனில் கூப்பிட்டு, அன்றைய கடிதங்களைக் கைமாற்றிக்கொண்டால் எப்படி இருக்கும்? எழுதி முடித்தான். யாரை, எத்தனை மணிக்குக் கூப்பிட வேண்டும் என்று நிரப்ப ஒரு இடம் வைத்தான். காலியாக விட்டால் ஜனங்களுக்குப் புரியாதே என்று, மாதிரிக்கு விரல் போன போக்கில் ஏழு இலக்கம் தட்டினான். நேரம், மாலை ஆறு. "இதை அழித்துவிட்டு உங்கள் நண்பரின் எண்ணைப் போடவும்" என்று கீழே எழுதியும் வைத்தான். யார் படித்தார்கள்? எங்கள் கூட்டத்தில் எவனாவது குறிப்பைப் படித்துவிட்டு புரோகிராமை ஓட்டினான் என்றால் நான் காதை அறுத்துக்கொள்கிறேன்.

டிசம்பரில் ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் அவன் மனைவி மார்லிஸ் இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்ட ஹாட்டிஷைக் கரண்டியால் வெட்டிப் போட்டுக்கொண்டே ஆரம்பித்தாள். அவளுக்கு முடி திருத்தும் கடையில் வேலை. ஊர்க்கதை முழுக்க அவள் கைவழியாகத்தான் போகும்.

"கோர்டி, கேளேன் இதை. பெர்னிஸ் ஆஸ்ட்பி அம்மா இன்னைக்கு முடி சுருட்டிக்க வந்தாங்க. முகத்துல அப்படி ஒரு களை! அந்த ஜேனீன் போன் பண்றாளாம்!"

ஜேனீன் அந்த அம்மாளின் ஒரே மகள். அப்பாவை அடக்கம் செய்த அன்றைக்கே அம்மாவோடு பெரிய சண்டை போட்டுவிட்டு ஊரை விட்டுப் போனவள். எங்கே இருக்கிறாள் என்று ஒருத்தருக்கும் தெரியாது.

"நெஜமாவா? என்ன சொன்னாளாம்?"

"அதுதான் கொடுமை. வாயே திறக்கறதில்லையாம். தெனமும் ஆறு மணிக்கு அடிக்குது, எடுத்தா சத்தமே இல்ல. அரை நிமிஷம் இருந்துட்டு வெச்சிடறா. மறுபடி அடிக்குது. ஒரு சாயந்தரத்துக்கு நாலஞ்சு தடவை! பேசத் துணிச்சல் வரல பாவம். அம்மாவேதான் பேசறாங்களாம், 'வந்துடுடி கண்ணு, தப்பு என்மேலதான்'னு. போன் ஆபீஸ்காரன் எண்ணை மாத்தித் தரேன்னானாம். இவங்க அவனைத் திட்டி அனுப்பிட்டாங்க. மகளுக்குத் தெரிஞ்ச எண் அது ஒண்ணுதானே?"

கோர்டியின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. கூப்பிடுகிற மோடம் எப்போதும் ஊமை. எதிர்ப்பக்கம் எடுக்கிற மோடம் கீச்சிட்டால்தான் இதுவும் கீச்சிடும். மனுஷர் எடுத்து ஹலோ சொன்னால், அரை நிமிஷம் சும்மா இருந்துவிட்டு வைத்துவிடும், பிறகு மறுபடி முயற்சி செய்யும். அந்த அரை நிமிஷத்தை எழுதிவைத்தவன் அவன்தான்.

"அவங்க எண் என்ன?"

மார்லிஸ் டைரக்டரியைப் புரட்டிப் படித்தாள். அவன் மாதிரிக்குத் தட்டிய அதே ஏழு இலக்கம்.

விஷயத்தைக் கேட்டதும் மார்லிஸ் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அட பாவி மனுஷா! உன் பொட்டிங்ககிட்டயா அந்தம்மா இத்தனை நாளா அழுதிருக்காங்க?"

"நான் போய்ச் சொல்லிடறேன்."

"சொன்னா செத்துடுவாங்க! பேசாம அந்த மெஷினையெல்லாம் நிறுத்து, போதும்."

"எது எங்க ஓடுதுன்னு எனக்கே தெரியாதே, எதைன்னு நிறுத்துவேன்? அப்படியே நிறுத்தினாலும், மக கைவிட்டுட்டான்னு நெனைப்பாங்க. அதைவிட ஒண்ணு, மார்லிஸ். நெஜமாவே அந்தப் பொண்ணு ஒரு நாள் ஆறு மணிக்குக் கூப்பிட்டா? என் பொட்டிங்க லைனை அடைச்சுக்கிட்டு நிக்கும். பிஸின்னு கேட்டுட்டு வெச்சிடுவா. இன்னொரு தடவை கூப்பிட அவளுக்கு மனசு வருமோ வராதோ!"

மார்லிஸ் எழுந்து போய் அவன் கோட்டை எடுத்து வந்து கையில் கொடுத்தாள்.

பெர்னிஸ் அம்மாள் அவனைச் சமையலறையில் உட்காரவைத்து, காபி ஊற்றி, எலுமிச்சை பார் என்கிற கேக் துண்டுகள் ஒரு தட்டும் வைத்தாள். அதைத் தொடாமலே கோர்டி எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். எங்கள் ஊர் ஆம்பளைகள் மன்னிப்புக் கேட்கிற மாதிரி, மேஜையைப் பார்த்தே சொன்னான். அந்த அம்மாள் தட்டை எடுத்து ஜாடிக்குள் பார்களைத் திரும்பக் கொட்டினாள்.

"அப்போ நான் யார்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு இருந்தேன்?"

"யார்கிட்டயும் இல்லம்மா. தப்பு என்னுது."

"அவ அப்பா கோட்டை அவளைக் கேக்காம யாருக்கோ தூக்கிக் குடுத்துட்டேன்னுதான் சண்டை. அதை நான் ஒரு மனுஷர்கிட்ட சொன்னதில்ல. உன் டப்பாகிட்ட சொன்னேன். நல்லா இருக்குப்பா. ரொம்ப நல்லா இருக்கு."

கோர்டிக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று இருந்தது. அந்த அம்மாள் ஏப்ரனின் ஓரத்தால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி. எப்படி நிறுத்தப்போற?"

வழி ஒன்றை அவன் யோசித்து வைத்திருந்தான். அவனுடைய கம்ப்யூட்டரை இங்கே கொண்டுவந்து இதே லைனில் மாட்டுவது. மணி அடித்ததும் அம்மாள் எடுத்து ஹலோ சொல்ல வேண்டும். மனுஷக் குரல் கேட்டால் கோர்டி கையைக் கட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான். சத்தமே இல்லாவிட்டால் அவள் தலையாட்டுவாள், இவன் ஒரு விசையைத் தட்டுவான், மோடம் கீச்சிடும். எதிர்ப்பக்கம் இருப்பது மெஷின் என்றால் உடனே தன் போர்டின் பெயரைச் சொல்லிவிடும். பெயர் தெரிந்தால் ஆளைப் பிடித்துவிடலாம்.

"நாளைக்கு ஆறுக்கு முன்னாடி வா. பூட்ஸைத் துடைச்சுட்டு வா" என்றாள் அம்மாள்.

கோர்டி தன் போர்டை மூடிவிட்டான். எங்களுக்கெல்லாம் கை ஒடிந்த மாதிரி ஆகிவிட்டது, போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவன் பாட்டுக்குப் பெட்டியைக் காரில் ஏற்றி, பனியில் சறுக்கிச் சறுக்கி, அம்மாள் வீட்டு ரொட்டி பிசைகிற பலகை மேல் கொண்டுபோய் வைத்தான். ஆறு அடித்ததும் மணி ஒலித்தது. அம்மாள் எடுத்தாள், கேட்டாள், தலையாட்டினாள். விசை தட்டப்பட்டது. பெட்டி கீச்சிட்ட கீச்சில் பூனை அலமாரிக்குப் பின்னால் ஓடியது. திரையில் பெயர் விழுந்தது: "ரூடியின் பொந்து".

அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து படித்தாள். "இதுகிட்டயா நான் கண்ணுன்னு சொன்னேன்?"

"இதுகிட்டயும்தான்ம்மா."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை நிறுத்த முடியாமல், அழுகையும் கலந்து, அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தச் சிரிப்பை கோர்டி என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறான்.

அப்புறம் தினமும் ஒன்றிரண்டு சிக்கின. கோர்டி ஒவ்வொருத்தனையும் தேடிப்பிடித்து போனில் காய்ச்சி எடுத்தான். "ஏண்டா, குறிப்புல என்ன எழுதியிருக்கேன்? படிச்சியா?" அந்த வரிசையில் நானும் இருந்தேன், வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன். என் போர்டு ஒரு நாளும் எந்தக் கடிதமும் கொண்டுவரவில்லை என்பதைக்கூட நான் கவனித்திருக்கவில்லை. மார்லிஸ் தினமும் ஒரு பாத்திரத்தில் எதையாவது சமைத்துக் கொடுத்தனுப்பினாள். அம்மாளும் கோர்டியும் ஆறு மணிக்கு முன்பே சாப்பிட்டுவிட்டு, சீட்டாடிக்கொண்டு காத்திருந்தார்கள். அம்மாள் சீட்டில் கூசாமல் ஏமாற்றுவாளாம்.

ஒரு சாயந்தரம் ஆறு மணிக்கு போன் அடிக்கவில்லை. மறுநாளும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

"தீந்துதும்மா. எல்லாம் அடங்கிடுச்சு" என்றான் கோர்டி.

"ம்" என்றாள் அம்மாள். வீடு அமைதியாக இருந்தது. அவள் முகத்தைப் பார்க்க அவனுக்கு மனசு வரவில்லை. ஊமை மெஷின்கள் அடித்துக்கொண்டிருந்த வரைக்கும் அவளுக்கு ஒரு மகள் இருந்தாள், இப்போது அதுவும் இல்லை. கம்பிகளைச் சுற்றத் தொடங்கினான். "இருப்பா, காபி குடிச்சுட்டுப் போ" என்று அவள் கெட்டிலை அடுப்பில் வைத்தாள். இருட்டி வெகுநேரம் ஆகியிருந்தது, ஆறு மணி எப்போதோ போய்விட்டது.

அப்போது போன் அடித்தது.

இருவரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அம்மாள் எடுத்து ஹலோ சொன்னாள். காத்திருந்தாள். அவனைப் பார்த்துத் தலையாட்டினாள், சத்தம் இல்லை.

கோர்டியின் விரல் விசைமேல் போனது. நேரம் ஆறு இல்லையே என்று தோன்றியது. ஆனால் நேரத்தை மட்டும் மாற்றி, எண்ணை மாற்றாமல் விட்ட மடையன் எவனாவது இருப்பான், அப்படிப்பட்டவர்கள்தானே நாங்கள். தட்டினால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். மெஷின் இல்லையென்றால், ஒரு மனுஷியின் காதுக்குள் அந்தக் கீச்சு பாயும். பேச வராமல் நிற்கிறவளுக்கு அம்மா வீட்டிலிருந்து கிடைக்கிற பதில் அதுவாகவா இருக்க வேண்டும்?

விரலை எடுத்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். அவனுடைய மெஷின் என்றால் அரை நிமிஷத்தில் வைத்துவிடும், அதற்குமேல் ஒரு நொடி நிற்கத் தெரியாது அதற்கு. முள் நகர்ந்தது. அரை நிமிஷம் ஆனது. தாண்டியது. அம்மாள் காதிலிருந்து ரிசீவரை எடுக்கவில்லை. லைன் இன்னும் உயிரோடுதான் இருந்தது. அவள் கண்கள் அவனையே பார்த்தன.

"இது என்னுது இல்லம்மா" என்றான் கோர்டி மெதுவாக.

சுவரிலிருந்து தன் கம்பியைப் பிடுங்கினான். பெட்டியையும் கோட்டையும் விட்டுவிட்டு, அடுப்பை மட்டும் அணைத்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு வெளியே வந்தான். காருக்குள் உட்கார்ந்ததும் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. ஜன்னல் வழியாக அம்மாள் தெரிந்தாள். பேசிக்கொண்டிருந்தாள், ஒரு கையால் ஏப்ரனைக் கசக்கிக் கசக்கிப் பேசிக்கொண்டே இருந்தாள்.

பிறகு பேச்சை நிறுத்தினாள். ரிசீவர் காதிலேயே இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கோர்டி வண்டியைக் கிளப்பினான்.