நாசோ துறைமுகத்தில் டொல்பினும் தாலிக்கொடியும்

கப்பல் பயணம் போய்வந்தோம் என்றால் எங்கள் ஆட்கள் இரண்டு கேள்விதான் கேட்பார்கள். சோறு கிடைக்குமோ, சத்தி வருமோ. சோறு கிடைக்கும். முதல் நாள் வயிற்றைப் புரட்டிச் சத்தி வரும், பிறகு பழகிவிடும். யாரும் கேட்காத, ஆனால் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. கழுத்தில் தாலிக்கொடியோடு டொல்பின் பார்க்கப் போகும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன்.

நாங்கள் போனது 1998 மார்ச் பள்ளி விடுமுறையில். மகள் அபிக்கு அப்போது ஏழு வயது. கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் அப்பாட்மென்ட் சுவர் முழுக்க டொல்பின் படம் கீறி ஒட்டியிருந்தாள். இரண்டு வருடமாக "அடுத்த வருசம், அடுத்த வருசம்" என்று அவளை ஏமாற்றிக்கொண்டிருந்தோம். கடைசியில் அஜின்கோர்ட்டில் பயண முகவராக இருந்த அண்ணை ஒருவர், மயாமியிலிருந்து நான்கு இரவுக் கப்பல் ஒன்று மலிவாக வருகிறது, பஹாமாஸ் தீவுகளில் நாசோ துறைமுகத்தில் ஒரு பகல் நிற்கும், அங்கே பிள்ளைகள் டொல்பினைத் தொடலாம் என்றார். என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று கேட்டேன். "துவாயும் பாஸ்போட்டும் இருந்தாக் காணும் தங்கச்சி" என்றார். அவருக்கும் தாலிக்கொடி நினைவுக்கு வரவில்லை.

போனது நான்கு பேர். நான், அபி, என் கணவர் ரவி, ரவியின் அக்கா. எனக்கு அவர் மச்சாள். மச்சாளின் கணவர் யாழ்ப்பாணத்தில் சண்டைக் காலத்தில் ஒரு காலை பேக்கரிக்குப் பாண் வாங்கப் போன இடத்தில் செல் குண்டு விழுந்து இறந்தவர். பிறகு நாங்கள்தான் மச்சாளை ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டோம். கலகலப்பான மனிசி, ஆனால் நல்ல காரியம் என்றால் ஒதுங்கிவிடுவார். கலியாண மண்டபத்தில் ஆசீர்வாதத்துக்குத் தாலித் தட்டு எங்கள் வரிசைக்கு வரும் நேரம் பார்த்து அவருக்குக் கைகழுவப் போகவேண்டி வரும். இந்தப் பயணத்துக்கும் "பை பாக்க ஒரு ஆள் வேணும்தானே" என்று சொல்லித்தான் வந்தார்.

புறப்பட ஒரு கிழமைக்கு முன்னர், வேலையிடத்தில் தகடொன்று சரிந்து ரவியின் காலில் விழுந்தது. ஆறு தையல். ஓரங்குலம் தள்ளி விழுந்திருந்தால் நரம்பு போயிருக்கும் என்று டொக்டர் சொன்னதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சரியான நித்திரை இல்லை.

மயாமிக்கு விமானத்தில் மூன்று மணித்தியாலம். கப்பல் மாலை நாலு மணிக்குப் புறப்பட்டு மறுநாள் காலை எட்டுக்கு நாசோவில் நின்றது. டொல்பின் சுற்றுலாவுக்கான ரிக்கற்றைக் கப்பலிலேயே முதல் நாள் எடுத்துவிடுங்கள், காலையில் போனால் முடிந்துவிடும். தண்ணீரில் இறங்குபவருக்கு எண்பத்தைந்து அமெரிக்க டொலர், கரையில் நின்று பார்ப்பவருக்கு முப்பத்தைந்து. எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையோடு பெரியவர் ஒருவர் இறங்கியே ஆகவேண்டும். ரவி தையலோடு இறங்க முடியாது என்பதால் அபிக்கும் எனக்கும் இறங்குகிற ரிக்கற், மற்ற இருவருக்கும் பார்க்கிற ரிக்கற்.

துறைமுகத்திலிருந்து ஒரு படகு, அரை மணி நேரம், சின்னத் தீவு. தண்ணீர் அப்படியொரு நீலம். அபி படகின் கம்பியைப் பிடித்தபடி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் ஒன்றில் காய்ச்சல், இல்லையென்றால் பெரிய சந்தோசம்.

தண்ணீருக்கு மேலே போட்டிருந்த மரத்தட்டில் எங்களை வரிசையாக நிற்க வைத்துப் பயிற்சியாளர் பெண் விதிகளைச் சொன்னாள். நீச்சல் தெரியத் தேவையில்லை, இடுப்பளவு தண்ணீர்தான். டொல்பினின் மூச்சுத் துவாரத்தில் கை வைக்கக்கூடாது. மோதிரம், தோடு, சங்கிலி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும், அதன் தோலைக் கீறிவிடும். நான் தோட்டைக் கழற்றினேன், காப்பைக் கழற்றினேன். கொடியை மட்டும் ரீசேட்டுக்குள்ளே தள்ளிவிட்டு, அது வெளியே வராமல் சேஃப்டி பின் ஒன்றால் குத்திக்கொண்டேன். பின் எங்கேயிருந்து வந்தது என்று கேட்கவேண்டாம், கொடியிலேயே எப்போதும் இரண்டு மூன்று தொங்கும்.

பயிற்சியாளரின் கண்ணுக்கு அது தப்பவில்லை. சங்கிலியாவது கீறும், இது குத்தும் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. இது கலியாணச் சங்கிலி, கழற்ற முடியாதது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். தனக்கு விளங்குகிறது, ஆனால் டொல்பினுக்கு விளங்காதே என்று சிரித்தாள். பத்து நிமிடம் இருக்கிறது, யோசித்துச் சொல்லுங்கள் என்றாள்.

என்ன யோசிக்கிறது? கட்டிய நாளிலிருந்து அது கழுத்தை விட்டு இறங்கியதில்லை. அபி பிறந்தபோது கூட நேர்ஸ் அதைத் துணியால் சுற்றி பிளாஸ்டர் ஒட்டித்தான் விட்டாள். நான் வங்கியில் வேலை செய்கிறவள், சாத்திரம் பார்க்கிறவர்களைப் பகிடி பண்ணுகிறவள். ஆனால் கட்டுப்போட்ட காலோடு எதிரே நிற்கிற மனிசனைப் பார்த்துக்கொண்டு கொடியின் திருகாணியில் கை வைக்க என்னால் முடியவில்லை. எனக்குப் பயமாக இருந்தது, அதுதான் உண்மை.

"கழட்டுமப்பா. எனக்கொண்டும் நடக்காது" என்றார் ரவி.

"உங்கட வாயாலை அதைச் சொல்லாதேங்கோ."

"அப்ப அக்கா இறங்கட்டும்."

மச்சாள் சேலையில் வந்திருந்தார், மாற்றுடை இல்லை. சேலையோடு விடமாட்டோம் என்று பயிற்சியாளர் முதலிலேயே சொல்லிவிட்டாள். எங்கள் குழுவிலிருந்த மற்றவர்கள் ஒவ்வொருவராகப் படியிறங்கத் தொடங்கினார்கள். அபி என் முகத்தையும் தகப்பனின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இற்ஸ் ஓகே அம்மா. நான் மேலை நிண்டு பாக்கிறன்" என்றாள்.

அழுதிருந்தால் அதட்டியிருப்பேன். அவள் அழாததுதான் என்னை வாட்டியது.

அப்போதுதான் மச்சாள் பைகளைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்தார். பெரிய விஷயம் பேசுகிற குரல் இல்லை, கறிக்கு உப்புப் போட்டாயா என்று கேட்கிற குரல்.

"சாந்தி, நான் ஒருநாளும் கழட்டேல்லை. முழுகேக்கையும் கழட்டேல்லை, ஆசுப்பத்திரியிலை கிடக்கேக்கையும் கழட்டேல்லை. அவர் பாண் வாங்கப் போன அண்டைக்கும் என்ரை கழுத்திலைதான் கிடந்தது."

ரவி தலையைக் குனிந்துகொண்டார். பதினொரு வருடம் ஒரே குசினியில் சமைத்திருக்கிறோம். கொடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அது காப்பாற்றும் என்று இந்த மனிசிக்கு முன்னால் நின்று நான் வாதாடியிருக்கிறேன். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது.

திருகாணியைக் கழற்றினேன். ரவி கையை நீட்டினார். நான் மச்சாளிடம் கொடுத்தேன்.

"என்னட்டை வேண்டாம். அவனிட்டைக் குடும்."

"நீங்கள் வைச்சிருங்கோ மச்சாள்."

அவர் வாங்கிச் சேலைத் தலைப்பில் முடிந்து, முடிச்சை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

தண்ணீர் நினைத்ததைவிடக் குளிர். டொல்பினின் தோல் அவித்துக் கோது உரித்த முட்டை போல வழுவழுப்பு. அபி அதன் நெற்றியைத் தடவினாள். அது அவள் கன்னத்தில் மூக்கை வைத்துவிட்டுப் போனது. மீன் நாற்றம் சொல்லி வேலையில்லை. அவள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்புக்காக இன்னும் நாலு தரம் அந்தக் குளிருக்குள் இறங்குவேன். கழுத்து வெறுமையாக இருந்தது எனக்கு ஒவ்வொரு நிமிடமும் தெரிந்தது. அதையும் மறைக்க விரும்பவில்லை.

போகப்போகிறவர்களுக்குச் சில விஷயம். விலையெல்லாம் இப்போது எங்கேயோ போய்விட்டது, கப்பல் நிறுவனத்திடமே கேட்டுக்கொள்ளுங்கள். மாற்றுடை எல்லோருக்கும் கொண்டுபோங்கள், இறங்காதவருக்கும். அங்கே எடுக்கும் படம் விலை கூட, ஆனால் ஒன்றாவது வாங்குங்கள். டொல்பினை அடைத்து வைத்து ஆட்டம் காட்டுவது பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள், அபியே இன்று அந்தப் பக்கம் போகவேண்டாம் என்பாள். அதையும் யோசித்து முடிவெடுங்கள். போவதென்றால், கொடியைக் கழற்றுவதா இல்லையா என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள். மரத்தட்டில் பத்து நிமிடம் காணாது. நகை வைக்கப் பூட்டுப் பெட்டி அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும்.

நான் பெட்டி எடுக்கவில்லை. தண்ணீர் சொட்டச் சொட்டப் படியேறி வந்தபோது மச்சாள் நாங்கள் விட்ட இடத்திலேயே வெயிலில் நின்றார். முடிச்சை அவிழ்த்துக் கொடியை ரவியிடம் நீட்டினார். நான் மச்சாளுக்கு முதுகைக் காட்டி, ஈரத் தலைமயிரை ஒதுக்கிக்கொண்டு நின்றேன்.

"நீங்கள் பூட்டிவிடுங்கோ மச்சாள்."

"விசரே உமக்கு? நான் பூட்டக்கூடாது."

"எனக்குக் குளிருது. கெதியாப் பூட்டுங்கோ."

ரவி கொடியை வாங்காமல் விலகி நின்றார். பிறகு அவருடைய விரல்கள் என் பிடரியில் பட்டன. திருகாணியைத் திருகினார், இழுத்துப் பார்த்தார், இன்னொரு தரம் திருகினார். கையை எடுக்காமலே மெல்லச் சொன்னார்.

"இது இவ்வளவு பாரம் எண்டதை நான் மறந்தே போனன்."