பத்துக் காப்ஸ்யூலின் எடை

பெயர்களை விட்டுவிட்டு எழுதுகிறேன். தேதிகள் என் டைரியில் இருக்கின்றன. இங்கே கிழமையோடு நிறுத்திக்கொள்கிறேன். திருப்பூரில் ஒரு தேதியும் ஒரு பஸ் நம்பரும் கிடைத்தால் போதும், ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஒரு பனியன் கம்பெனியின் துணிச் சோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். சாயம் போகிறதா, துவைத்தால் சுருங்குகிறதா, ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று பார்ப்பது என் வேலை. எச்.ஐ.வி.க்கான கூட்டு மாத்திரையைப் பல வருடங்களாகச் சாப்பிட்டு வருகிறேன். ஒரு நாளும் தவறியதில்லை. விழுங்கிய நேரத்தை டைரியில் குறிப்பது பல் துலக்குவதைப் போலப் பழகிவிட்டது.

மாத்திரை அதன் வேலையைச் செய்தது. ரத்தத்தில் கிருமி சோதனையில் தட்டுப்படாத அளவுக்குக் குறைந்துவிட்டது. ஆனால் நோயை எதிர்க்கும் செல்களின் எண்ணிக்கை, சி.டி.4 என்பார்கள், அது மட்டும் ஏறவில்லை. கோயமுத்தூர் டாக்டரம்மா இதை ஒரே வரியில் சொன்னார்: "களை எடுத்தாச்சுங்க, பயிர்தான் மேல வரலை." எங்களைப் போன்றவர்களுக்காக ஒரு சோதனை நடந்தது. வழக்கமான மாத்திரையோடு, எதிர்ப்புச் சக்தியைக் கூட்டக்கூடும் என்று நினைக்கப்பட்ட ஒரு காப்ஸ்யூலைத் தினமும் ஒன்று சாப்பிட வேண்டும். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு. யாருக்கு எது என்று எங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. சம்மதப் படிவத்தை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். இப்படிக் கண்ணைக் கட்டிக்கொண்டு சோதிப்பது ஏன் என்பதைப் புத்தகங்களில் முன்பே படித்திருக்கிறேன். அதனால் பின்னால் நான் செய்ததற்கு அறியாமையைக் காரணம் சொல்ல முடியாது.

அன்று எனக்கு அடுத்துக் கையெழுத்துப் போட்டவர் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டும் ஒரு பெண். தெற்குச் சீமையிலிருந்து பிழைக்க வந்தவர். மாத்திரை வாங்கும் வரிசையில் பார்த்துப் பழக்கம். அவர் என்னை அண்ணாச்சி என்பார், நான் அவரை அம்மிணி என்பேன். டாக்டரிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி: இதைச் சாப்பிட்டால் திரும்ப டி.பி. வராதா? அதைத்தான் பார்க்கப் போகிறோம் என்றார் டாக்டர். திரும்பும் பஸ்ஸில் அந்தப் பெண் காரணம் சொன்னார். முன்பு ஒரு முறை டி.பி. வந்து ஐந்து மாதம் அண்ணன் வீட்டில் கிடந்திருக்கிறார். அவருக்கென்று ஒரு தட்டு, ஒரு தம்ளர், துணி காயப்போடக் கொல்லைப்பக்கம் ஒரு கொடி. இன்னொரு முறை அங்கே போய்ப் படுக்க முடியாது என்றார். அழவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தபடி நிலக்கடலை தின்றுகொண்டே சொன்னார்.

இரண்டாவது மாதம் அவருடைய எண்ணிக்கை கொஞ்சம் இறங்கியிருந்தது. தனக்கு வெறும் மாவுதான் வாய்த்திருக்கிறது, தன் ராசி அப்படி என்று பஸ்ஸில் புலம்பினார். அப்போது என் வாய் சும்மா இருக்கவில்லை. "எடை போட்டுப் பாத்தாத் தெரிஞ்சு போயிருமுங்க அம்மிணி" என்றேன்.

சனிக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் அவர் கொடுத்த பத்துக் காப்ஸ்யூலையும் என்னுடைய பத்தையும் துணி எடை போடும் தராசில் தனித்தனியாக வைத்தேன். அவருடையது எடை குறைவு. மூன்று முறை போட்டேன், மூன்று முறையும் அதே வித்தியாசம். மூன்றையும் டைரியில் எழுதிச் சராசரியும் கண்டேன். அவருக்குக் கிடைத்தது மாவு, எனக்குக் கிடைத்தது மருந்து என்று முடிவு கட்டினேன்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. "அப்பம் ஒங்களுதுல பாதி எனக்குத் தாங்க அண்ணாச்சி. எனக்கு அந்தத் தட்டு வேண்டாம்."

திங்கட்கிழமை பழைய பஸ் ஸ்டாண்டில் வைத்துப் பதினைந்தைக் கொடுத்துப் பதினைந்தை வாங்கினேன். மூன்றாவது மாதமும் அப்படியே நடந்தது. ஆஸ்பத்திரியில் மிச்சக் காப்ஸ்யூலை எண்ணித்தான் வாங்குவார்கள். எண்ணிக்கை சரியாக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அவர் முகம் தெளிந்துவிட்டதாக எனக்குத் தோன்றியது. அதையும் எழுதி வைத்தேன்.

நான்காவது மாதம், ஒரு புதன்கிழமை. எங்கள் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர் பெண், சூட்டில் அழுத்தும் கம்பாக்டிங் மெஷினிலிருந்து சூடு ஆறாத துணியை எடுத்துவந்து உடனே எடை சொல்லச் சொன்னார். ஆர்டர் கொடுத்த பையர் போனில் காத்திருக்கிறாராம். நான் எப்போதும் சொல்வதையே சொன்னேன்: "இந்த ரூம்ல நாலு மணி நேரம் கெடக்கோணுமுங்க. காத்துல இருக்கற ஈரத்த அது குடிக்கோணும். அதுக்கு முன்னால போட்டா அது எடையே இல்லீங்க."

சொல்லி முடித்ததும் துணியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அம்மிணி குடியிருப்பது சுவரோடு சுவர் ஒட்டிய லைன் வீட்டில். பாட்டிலில் ஆஸ்பத்திரி பெயர் இருப்பதால் காப்ஸ்யூல்களைத் துணியில் முடிந்து அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருப்பார். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். என்னுடையது எடை அறைக்கு வெளியே, சாயப்பட்டறை நீராவி வரும் கூடத்தில், மூடி சரியாக இறுகாத பாட்டிலில் இருந்தது. இருபது வருடமாக மற்றவர்களை எதற்காகத் திட்டினேனோ அதையே நான் செய்திருக்கிறேன்.

இன்னும் மாற்றிக்கொள்ளாத அந்த மாதத்து முடிச்சை மறுநாள் அவரிடமிருந்து கேட்டு வாங்கிவந்தேன். அதில் பத்தையும் மாற்றாமல் வைத்திருந்த என்னுடைய பத்தையும் திறந்த தட்டில் வைத்து, ஈரப்பதம் ஒரே அளவில் இருக்கும் அறையில் ஒரு நாள் முழுக்க விட்டேன். வெள்ளிக்கிழமை எடை போட்டேன். இரண்டும் ஒன்று. இரண்டும் மருந்தாக இருக்கலாம், இரண்டும் மாவாக இருக்கலாம், எடை தெரியாதபடியே மாவை நிரப்பியும் இருக்கலாம்.

அவரிடம் சொன்னபோது முதலில் அவருக்குப் புரியவில்லை. அரிசி என்றதும் புரிந்தது. அப்படியானால் இத்தனை நாள் தான் சாப்பிட்டது என்ன என்று கேட்டார். டாக்டரிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்றேன்.

"சொன்னா இந்தச் சோதனைல இருந்து என்னை வெளிய தள்ளிருவாங்க. ஒங்களுக்கு என்ன, துணிய எடை போட்டுக்கிட்டு இருப்பீய."

என்னுடையதைச் சொன்னால் அவருடையதும் வெளியே வரும். அதனால் அவர் சம்மதிக்காமல் சொல்வதில்லை என்று இருந்தேன். அந்த மாதம் நாங்கள் மாற்றிக்கொள்ளவில்லை. டைரியில் பன்னிரண்டு நாள் மாத்திரை நேரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

பதின்மூன்றாம் நாள் காலை அவரே போன் செய்தார். மூன்று நாளாக இருமல். "டாக்டரு என்ன சாப்பிட்டேன்னு கேப்பாங்கல்லா. பொய் சொல்லி, வேற வைத்தியம் பாத்துட்டா? டைரியக் கொண்டு வாங்க" என்றார்.

டாக்டரம்மா டைரியைப் பக்கம் பக்கமாகப் படித்தார். முதலில் கேட்டது, இரண்டு பேரில் யாராவது தினசரி மாத்திரையை ஒரு நாளாவது விட்டீர்களா என்பதைத்தான். இல்லை. பிறகு அம்மிணியைச் சளிப் பரிசோதனைக்கும் எக்ஸ்ரேக்கும் அனுப்பினார். அவர் போனதும் என்னைப் பார்த்து, "தராசு கிராமுல எத்தனை டெசிமல் காட்டுமுங்க?" என்றார். "ரெண்டுங்க" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். டாக்டரம்மா திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

டி.பி. இல்லை. வெறும் சளிதான். காப்ஸ்யூலை இரண்டு பேருக்கும் நிறுத்தினார்கள். பரிசோதனைக்கு மட்டும் கடைசி வரை வரச் சொன்னார்கள். யாருக்கு எது என்பது எல்லோருடைய கணக்கும் முடிந்த பிறகே தெரியும், எங்கள் ரத்தம் அந்தக் கணக்கில் எப்படிச் சேரும் என்பதை மேலே கேட்டுத்தான் சொல்ல முடியும் என்றார்கள். அதன் பிறகு அந்த அம்மிணி என்னோடு பேசவில்லை. மாத்திரை வரிசையில் நான் உட்கார்ந்த பெஞ்சில் உட்கார மாட்டார். ஐந்து மாதம் அப்படிப் போனது.

கடைசிப் பரிசோதனை ஒரு வியாழக்கிழமை. பஸ்ஸில் வேறு இடம் இல்லாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனதும் ரிசல்ட் தாளை நீட்டினார். எண்ணிக்கை முன்பைவிடக் கூடியிருந்தது. அதிகமில்லை, ஆனால் கூடியிருந்தது.

"இது அந்த மருந்தாலயா அண்ணாச்சி?"

அவர் என்றைக்கு எதை விழுங்கினார் என்பது அத்தனையும் என் பைக்குள் டைரியில் இருந்தது. தாளை இன்னொரு முறை பார்த்தேன்.

"தெரியாதுங்க அம்மிணி" என்றேன்.

"இத மொதல்லயே சொல்லிருக்கலாம்லா" என்றார். பிறகு கடலைப் பொட்டலத்தைப் பிரித்து என் பக்கமாகவும் நீட்டினார்.