ஒற்றைக் கோட்டை நம்பிக் கைநீட்டிய நாள்

2021-ல், கொரோனாவால் வியட்நாமின் சைகோன் நகரமே பூட்டிக் கிடந்த மாதங்களில் நடந்தது இது. டான் சோன் நாட் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் எனக்கு வேலை. விமானங்கள் நிற்பதற்கு முன்பே மனைவியும் பிள்ளையும் காரைக்காலுக்குப் போய்விட்டார்கள். ஒரு சந்தில், மாடியறையில், நான் மட்டும். தமிழ் பேச வேண்டுமென்றால் போன்தான். சில நாள் குக்கரிடம்கூடப் பேசியிருக்கிறேன்.

சந்து முனையில் தடுப்பு வைத்து, அடிக்கடி எல்லோருக்கும் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். ஆளுக்கொரு குழாய் கிடையாது. ஐந்து பேருடைய குச்சிகளை ஒரே குழாயில் போட்டுச் சோதிப்பார்கள். தொற்று இல்லையென்றால் ஐந்து பேருக்கும் நிம்மதி. இருந்தால், யார் என்று தெரிய மறுபடி தனித்தனியாக எடுக்க வேண்டும். ஒரு நாள் எங்கள் குழாயில் தொற்று என்று வந்துவிட்டது. தனித்தனியாக எடுத்துக்கொண்டு, முடிவு வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள்.

என்னோடு அதே குழாயில் இருந்தவர்களில் ஒருவர், கீழ்வீட்டில் தனியாக இருந்த கஞ்சிக்கடை அம்மாள். கரியடுப்புப் புகையால் அவருக்குப் பல வருஷமாகவே இருமல் உண்டு.

சந்தில் நான் ஒருவன்தான் வெளிநாட்டுக்காரன். எல்லோரும் என்னையே பார்ப்பதாகத் தோன்றியது. அலுவலகத்தில் கொடுத்திருந்த வீட்டுச் சோதனைப் பெட்டியைப் பிரித்தேன். பயத்தில் குச்சியால் மூக்கு நுனியைத் தடவியதோடு சரி. கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் சோதனைப் பட்டையில் ஒரே கோடு. தொற்று இருந்தால் இரண்டு விழும். மனைவிக்கு வீடியோவில் காட்டினேன்.

"அல்ஹம்துலில்லாஹ்! ஒங்களுக்கு ஒண்ணும் இல்ல மச்சான். அக்கம்பக்கத்துலயும் காட்டிருங்க, சும்மா ஒங்க மேல பழி வந்துரப் போவுது" என்றாள்.

காட்டினேன். ஜன்னலில் நின்று பட்டையைத் தூக்கிப் பிடித்து, அரைகுறை வியட்நாம் மொழியில், நான் இல்லை என்று கத்தினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அப்படியானால் யார் என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டதும் என் விரல் கீழ்வீட்டைக் காட்டியது. "அவங்கதானே இருமுறாங்க" என்றேன்.

காய்கறி வண்டி வந்தபோது அந்த அம்மாளின் பங்கை யாரும் அவர் வாசலில் கொண்டுபோய் வைக்கவில்லை. இருமல் வரும்போதெல்லாம் அவர் துணியால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு உறுத்தியது. ஆனாலும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், தப்பித்தோம் என்ற நிம்மதிதான் பெரிதாக இருந்தது.

மூன்றாம் நாள் முடிவு வந்தது. மற்ற நான்கு பேருக்கும் ஒன்றுமில்லை. தொற்று எனக்குத்தான்.

அழைத்துப்போக வந்த சுகாதாரப் பணியாளரிடம் பட்டையை நீட்டினேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. "ஆரம்பத்துல கிருமி கொஞ்சமாத்தான் இருக்கும், இதுக்குப் பிடிபடாது. குச்சி சரியா போகலன்னாலும் அப்படித்தான். ஒரு கோடுன்னா, இப்போதைக்குத் தெரியலன்னு அர்த்தம். அவ்வளவுதான்" என்றார்.

பையோடு இறங்கியபோது கஞ்சிக்கடை அம்மாள் கதவைத் திறந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். எலுமிச்சைப் புல்லும் இஞ்சியும் போட்ட ஒரு பையைப் படியில் வைத்து, ஆவி பிடிக்கும்படி சைகை காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். மன்னிப்புக் கேட்கும் அளவுக்கு அவர்கள் மொழி எனக்குத் தெரியும். ஆனாலும், திரும்பி வந்து கேட்டுக்கொள்ளலாம் என்று வண்டியில் ஏறிவிட்டேன்.

தொற்று வந்தவர்களை வைத்திருந்த முகாமில் பெரிய கூடம், வரிசையாகக் கட்டில்கள். அத்தனை பேர் நடுவில் அப்படியொரு தனிமையை நான் அனுபவித்ததில்லை. அவரிடம் சொல்ல வேண்டியதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினேன். குணமாகித் திரும்பி வந்து பார்த்தால் கீழ்வீடு பூட்டியிருந்தது. தடுப்பை எடுத்ததும் சொந்த ஊருக்குப் போய்விட்டாராம். எந்த ஊர் என்று சந்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.

இப்போதும் சளி பிடித்தால் சோதித்துப் பார்க்கிறேன். ஒரு கோடு வந்தால் இரண்டு நாள் கழித்து மறுபடி பார்க்கிறேன். அன்று அந்தப் பட்டை 'தெரியவில்லை' என்றுதான் சொன்னது, 'அவர்தான்' என்று சொன்னது நான்.