பழைய கோயில் வாசலில் ஞானப்பிரகாசம்

நண்பனின் கல்லறை முன் கண்ணீர் சிந்திய கருணைக் கடலாம் ஏசுவே, எழுத அமர்ந்த இந்தக் கையைத் தாங்கியருளும்.

மதுரையில் காலைப் பூசை முடிந்து வெளியே வந்தபோது அலைபேசி ஒலித்தது. ஓவிய ஆசிரியர் ஞானப்பிரகாசத்தின் மகள் ரீத்தா பேசினாள். "மாமா, அப்பா போயிட்டாங்க. பழைய கோயிலுக்குள்ள வச்சுத்தான் தன் பெட்டிய மந்திரிச்சு அடக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நீங்கதான் பங்குச்சாமிகிட்டப் பேசணும்." அதற்குமேல் அழுகைதான் கேட்டது.

அவரும் நானும் ஒரே பள்ளியில் பணியாற்றியவர்கள்; அவர் ஓவியம், நான் தமிழ். பேரையூருக்கு அப்பால், மானாவாரி நிலத்தின் நடுவே இருக்கிறது அவர் ஊர்க்கோயில். கனத்த சுண்ணாம்புச் சுவர். பனங்கட்டைகளின்மேல் செங்கல் அடுக்கிய மேல்தளம். கிழக்கே சுவரை அரைவட்டமாக வளைத்து அங்கே பீடம் அமைக்கச் சொன்னாராம் அக்காலத்து வெளிநாட்டுப் பாதிரியார். சுற்றூர்களுக்குப் போய் அவர் திரும்புவதற்குள், கிழக்கு வாசல் வைத்தே சிவாலயங்கள் கட்டிப் பழகிய கொத்தனார்கள் அந்த வளைவின் நடுவிலேயே வாசல் திறந்து, மஞ்சள் பூசி நிலையும் நிறுத்திவிட்டார்கள். நிறுத்திய நிலையைப் பிடுங்க ஊரார் ஒப்பவில்லை. பீடம் மேற்குச் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டது.

முதன்முறை அதைப் பார்த்த நான், "என்ன ஞானம், உங்க கோயில் திரும்பி உக்காந்திருக்கு?" என்று கிண்டல் செய்தேன்.

"யோவ் வாத்தியாரே, ஏசு வந்தா முன்வாசல் பின்வாசல்னு பாத்தா வருவாரு? அம்புட்டு வெயிலும் நேரா பீடத்துல விழுகுது பாரும்" என்று என்னைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனார்.

அந்தப் பீடத்தின் முன்புதான் அவர் மணம் முடித்தார். மனைவியைக் கிடத்தி வழியனுப்பியதும் அங்கேதான். பிறகு சாலையோரம் புதிய கோயில் எழுந்தது; பழையது பூட்டப்பட்டது. பழுதுபார்க்கச் சொல்லிப் பல ஆண்டுகள் அலைந்தார். தளம் ஒருபுறம் சரிந்தபோது தளர்ந்துபோனார். "இடிக்கிறதுன்னா இடிக்கட்டும். அதுக்கு முன்னால என்னையும் ஒருதடவ உள்ள தூக்கிட்டுப் போயிருங்க. அவ போன வழியில நானும் போறேன்" என்றார்.

அடக்கத்தன்று பங்குச்சாமியாரிடம் மன்றாடினேன். இளைஞர், கண் கலங்கிவிட்டது அவருக்கு. "ஐயா, தூக்கிட்டுப் போறவுக தலையில கட்டை விழுந்தா நான் யாருக்குப் பதில் சொல்வேன்?" அவர் சொன்னதில் பிழையில்லை. சன்னல் வழியே அண்ணாந்து பார்த்தேன், பனங்கட்டைகள் செல்லரித்துத் தொங்கின.

கதவை மட்டும் திறந்தார்கள். வாசலுக்கு வெளியே இரண்டு பெஞ்சுகளின்மேல் பெட்டியை இறக்கினோம், கால்கள் பீடத்தை நோக்க. சாமியார் தீர்த்தம் தெளித்துச் செபித்தார். ரீத்தா என் தோளைப் பற்றிக்கொண்டாள். "ஒரு எட்டுத்தான மாமா? ஒரே ஒரு எட்டு. அம்மா உள்ள போனாகளே!"

பெட்டியைத் தூக்கிக் கல்லறைத் தோட்டத்துக்குத் திருப்பினோம்.

அவரை அறிந்தவர்களே, என்னை உள்ளே இழுத்துச் சென்ற அந்தக் கையின் சூடும், அவரை உள்ளே கொண்டுசெல்ல இயலாமற்போன அந்த ஓர் எட்டும் என்னிடம் எஞ்சியிருக்கின்றன. இரண்டையும் நான் சாகும்வரை வைத்திருப்பேன்.

இதை வாசிக்கும் உங்களையும் உங்கள் இல்லத்தாரையும் இறைவன் காப்பாராக. உங்கள் வீட்டு முதியோரின் கடைசி விருப்பம் உங்கள் கைகளாலேயே நிறைவேறுவதாக.