விடுதி மாடிக்குக் கம்பி வரைந்த வாரம்

அம்மாவை இடுப்பெலும்பு ஆபரேஷனுக்காகத் தென்காசியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த வாரத்தில்தான் குற்றாலத்து விடுதிக்காரர் விடாமல் போன் செய்தார். நான் வேலை பார்க்கும் வெல்டிங் பட்டறையில் மாடி முகப்புக்குக் கம்பித் தடுப்பு சொல்லியிருந்தார். கம்ப்யூட்டரில் படம் வரைவது என் வேலை. லீவு கேட்டேன். முதலாளி லேப்டாப்பைக் கொடுத்தனுப்பினார்.

"தூணுக்குப் பூச்சு கனமா ஏத்திட்டானுவம்மா. நீளம் குறையுது" என்றார் விடுதிக்காரர்.

படத்தில் ஒவ்வொரு கம்பிக்கும் ஓரத்துத் தூணிலிருந்து தனித்தனியாகத் தூரம் கொடுத்திருந்தேன். எல்லாவற்றையும் நகர்த்தினேன். மறுநாள் டைல்ஸ் ஒட்டியதில் இன்னும் குறைந்தது. மறுபடி நகர்த்தினேன். ஓரத்து இடைவெளி மட்டும் மற்றவற்றோடு ஒத்துவராமல் நின்றது.

அடுத்த போன் வந்தபோது அம்மா வலியில் முனகிக்கொண்டிருந்தாள். இனியும் ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டிருக்க முடியாது என்று தோன்றியது. படத்தை முழுக்க அழித்தேன். கம்பிகளுக்கு நடுவிலும் இரண்டு ஓரங்களிலும் இடைவெளியைக் குறிக்கும் சின்னக் கோடுகள் போட்டு, அவை அனைத்தும் சமம் என்று நிபந்தனை வைத்தேன். அளவு கொடுத்தது மொத்த நீளத்துக்கு மட்டும். அந்த எண்ணை மாற்றியதும் கம்பிகள் தாமாக விலகிச் சரியாக நின்றன.

"என்னட்டி அது, சன்னலா?" என்றாள் அம்மா.

"மாடிக் கம்பிம்மா. நீ தூங்கு."

அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு விடுதிக்காரர் போனில் கம்பிகளைக் குறைக்கச் சொன்னார். "அருவியப் பாக்கத்தான் சனம் வருது. இம்புட்டு நெருக்கமா வச்சா என்ன தெரியும்?"

சிலவற்றை எடுத்துப் பார்த்தேன். மிச்சமிருந்தவை சமமாகத்தான் பரவின. ஆனால் இடைவெளி ஒரு குழந்தையின் தலை நுழையும் அளவுக்கு வந்துவிட்டது.

"சின்னப்பிள்ள தலைய உட்டுச்சுன்னா என்ன செய்வீய அண்ணாச்சி? நான் குறைக்க மாட்டேன்."

என் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எடுத்த கம்பிகளைப் படத்தில் திரும்ப வைத்தேன்.

"சரி, கோவப்படாதீய. என்ன, ஆஸ்பத்திரி சத்தம் கேக்குது?" என்றார் விடுதிக்காரர்.

"அம்மாவுக்கு ஆபரேஷன்."

"முன்னாலயே சொல்லிருக்கலாம்லா" என்று வைத்துவிட்டார்.

அதன்பிறகும் நீளம் ஒருமுறை மாறியது. இந்தத் தடவை அவர் கூப்பிடவில்லை. எண்ணை மட்டும் மெசேஜில் அனுப்பினார். மாற்றி, படத்தைப் பட்டறைக்கு அனுப்பினேன். வேலை முடிந்த நிம்மதிகூட வரவில்லை. அம்மாவை ஒருக்களித்துப் படுக்கவைக்க நர்ஸ் கூப்பிட்டார். எழுந்து போனேன்.