பிறிஜெற் போட்ட கறுப்புவெள்ளை முகம்

பிறிஜெற்றுக்கு ஒரு பழக்கம். காலையில் கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறினால் வெள்ளவத்தையில் இறங்கும்வரை தலை நிமிராமல் கைபேசிக்குள் பார்த்துக்கொண்டே வருவாள். நாடகம் பார்க்கிறாள் என்று பக்கத்தில் இருப்பவர்கள் நினைப்பார்கள். நாடகமும் இல்லை, சண்டையும் இல்லை. ஜப்பானில் ஒரு தேநீர்க்கடைக்காரன் தன் இணையதளத்தை எப்படிக் கட்டியிருக்கிறான், டென்மார்க்கில் கதிரை மேசை செய்கிறவன் தன்னுடையதற்கு என்ன நிறம் பூசியிருக்கிறான், இதைத்தான் பார்ப்பாள். பிடித்ததை உடனே படம் பிடித்துச் சேர்த்து வைப்பாள். சில பெண்கள் சேலைக் கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்றால் கூப்பிட்டாலும் காதில் விழாது, அவளுக்கு இது அப்படி.

இணையதளம் வடிவமைப்பதுதான் அவளுடைய வேலை. அதை எழுத்தும் படமும் என்று நினைக்கிறவர்களுக்கு அவள் ஒன்று சொல்லுவாள்: வாசலில் வந்து நிற்கிற ஆள் உள்ளே வருவதா, திரும்பிப் போவதா என்று ஒரு கண் இமைப்பில் முடிவெடுக்கிறான், அந்த இமைப்புக்குத்தான் நான் வேலை செய்கிறேன் என்று. உண்மைதானே. வீட்டு வாசலைப் பார்த்தே உள்ளே எப்படிப்பட்ட மனிதர் என்று நாம் சொல்லிவிடுகிறோம்.

அதிலும் வருஷத்துக்கு ஒரு மோஸ்தர் வரும். ஒரு வருஷம் ஊதாவும் நீலமும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து ஓடும் பின்னணி. இன்னொரு வருஷம் பனி படிந்த கண்ணாடி மாதிரி மங்கல் பெட்டிகள். இந்த வருஷம் வெறுமை. பரந்த வெள்ளை, நடுவில் ஒரேயொரு முகம், அதுவும் கறுப்புவெள்ளையில், கீழே மெல்லிய எழுத்து. பரிசு வாங்கிய தளங்கள் எல்லாம் இப்படித்தான் இருக்கின்றன என்று பிறிஜெற்றின் கண் அதிலேயே ஊறிப்போயிருந்தது.

முன்னே அவள் நுகேகொடையில் ஓர் அலுவலகத்தில் இருந்தவள். அங்கே பல் வைத்தியருக்கும் கடலோர ஹோட்டலுக்கும் ஒரே அச்சு. பெயரை மாற்றுவார்கள், நிறத்தை மாற்றுவார்கள், முடிந்தது. ஒருநாள் பிறிஜெற் எழும்பி, "எல்லாருக்கும் ஒரே சட்டையைத்தானே மாட்டி விடுறீங்கள்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தையற்கடைக்கு மேலே ஓர் அறை எடுத்தாள். அவளுக்குத் திமிர் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். கொஞ்சம் திமிர் இல்லாமல் ஒருத்தி தனியாகக் கடை திறக்க முடியாது.

அந்த அறைக்கு வந்த முதல் பெரிய வேலை சிவபாலனுடையது. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து வெள்ளவத்தையில் மணவறை அலங்காரம் செய்கிறவர். தூண், தோரணம், பூச்சரம் எல்லாம் அவருடைய ஆட்களே கட்டுவார்கள். லண்டனில் இருந்தும் கனடாவில் இருந்தும் ஆவணி மாதக் கலியாணத்துக்கு வருகிற சனம் இப்போது இணையத்தில் பார்த்துத்தான் ஆளைப் பிடிக்கிறது. அதனால் அவருக்கும் ஒரு தளம் வேண்டியிருந்தது.

"பிள்ளை, திறந்த உடன நாதஸ்வரம் கேக்கவேணும். ரெண்டு பக்கமும் மயில் ஆடவேணும். குத்துவிளக்கு தானா எரியவேணும்" என்றார்.

"அண்ணை, நீங்கள் கட்டுற மணவறையே போதும். அதுக்கு மேல நானும் நகை போட்டால் பொம்பிளை தெரியாது" என்றாள் பிறிஜெற்.

சிவபாலன் அவளை மேலும் கீழும் பார்த்தார். "உம்மை நம்பித்தான் விடுறன். சரிவராட்டி நுகேகொடை ஆக்களிட்டக் குடுத்திடுவன். அவங்கள் கிழமைக்கு ரெண்டு தரம் போன் அடிக்கிறாங்கள்."

எந்த அலுவலகத்தில் இருந்து அவள் எழும்பி வந்தாளோ, அதே அலுவலகம். இந்த வேலை அங்கே போனால், அவள் சொன்ன சொல்லையும் அவர்கள் சேர்த்துச் சிரித்து விழுங்கிவிடுவார்கள். பிறகு அந்த அறைக்கு வாடகை கொடுப்பதில் அர்த்தமில்லை. பிறிஜெற் அதை வெளியில் காட்டவில்லை. "சரிவரும் அண்ணை" என்றாள்.

மோஸ்தர்ப்படியே செய்தாள். பரந்த வெள்ளை. நடுவில் சிவபாலனின் முகம், கறுப்புவெள்ளையில், நேரே பார்த்தபடி. கீழே அவருடைய பெயர். அதற்குக் கீழே தொழில் தொடங்கிய வருஷம், 1996, பக்கத்தில் ஒரு நீண்ட கோடு. வெளிநாட்டுக் கதிரைக்காரர்கள் எல்லாம் அப்படித்தான் போடுகிறார்கள். தொடங்கினோம், இன்னும் போகிறது என்று அர்த்தம். அடியில் மல்லிகைச் சரம் ஒன்று.

அவளுடைய பெரிய கணினித் திரையில் அது அழகாகத்தான் இருந்தது. முகத்தைச் சுற்றி மணவறைப் படங்கள் மெல்ல நகர்ந்தன. சிவபாலன் கன்னத்தைத் தடவிக்கொண்டு, "படத்தில நடிக்கிறவன் மாதிரியெல்லோ இருக்கிறன்" என்றார். அவருடைய மனைவி பத்மாவதிக்கும் பிடித்திருந்தது.

வெள்ளிக்கிழமை, பத்மாவதி பஞ்சாங்கம் பார்த்துச் சொன்ன சுபவேளையில் தளம் திறந்தது. சிவபாலன் சாமிப்படத்துக்கு முன்னால் நின்று, தன் கையாலேயே வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர் குழுக்கள் அத்தனைக்கும் இணைப்பை அனுப்பினார். கூட ஒரு சொல்லும் எழுதவில்லை. எழுத்துத் தட்டுவது அவருக்குச் சரிவராது. கைபேசியில் நகரும் மணவறைகள் தெரியவில்லை. சின்னஞ்சிறு பெட்டிக்குள் தெரிந்தது இவ்வளவுதான்: வெள்ளை, முகம், பெயர், வருஷம், கோடு, பூ.

கோட்டுக்கு அந்தப் பக்கம் காலியாக இருந்ததை சனம் தானே நிரப்பிக்கொண்டது.

முதலில் கனடாவில் இருந்து சிவபாலனின் தங்கச்சி அழைத்தாள். "அண்ணி! அண்ணைக்கு என்னண்டு நடந்தது? முந்தநாளும் என்னோட கதைச்சவரே!"

"ஒண்டும் நடக்கேல்லையே. இருந்து இடியப்பம் சாப்பிடுறார்" என்றாள் பத்மாவதி.

அங்கே பெரிய அழுகையாகக் கேட்டது. "ஐயோ, அண்ணிக்கு மூளை கலங்கிப்போச்சுது!"

பிறகு போனைக் கீழே வைக்க நேரமில்லை. சிவபாலன் தானே எடுத்து, "நான்தான் சிவபாலன் கதைக்கிறன்" என்று சொன்னால், எதிர்ப்பக்கம் இன்னும் கூடக் கத்தியது. லண்டனில் ஒருவர், பிறந்த வருஷத்தைப் பிழையாகப் போட்டிருக்கிறார்கள், அவர் என்னைவிட மூத்தவர் என்று குழுவில் திருத்தம் எழுதினார். பக்கத்து ஒழுங்கையில் இருந்து ஒரு மச்சாள் வெள்ளைச் சேலையோடு வந்து, கதவைத் திறந்த சிவபாலனைக் கண்டு படியிலேயே குந்திவிட்டாள்.

இவ்வளவும் சிரித்துவிட்டுப் போகிற காரியம். ஆனால் அடுத்து வந்த அழைப்பில் சிரிப்பு நின்றது. சுபோதினி என்றொரு தாய். மகளின் கலியாணத்துக்குச் சிவபாலன்தான் மணவறை கட்டுவதாக இருந்தது. "நடந்தது கவலைதான் அக்கா. ஆனால் துடக்கு வீடெல்லே. நாங்கள் வேற ஆளுக்குச் சொல்லிப்போட்டம்" என்று பத்மாவதியிடம் சொல்லி வைத்துவிட்டாள். அதுவும் நியாயம்தான். சாவு விழுந்த வீட்டுக்காரர் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை நல்ல காரியத்தில் கை வைப்பதில்லை. மணவறைத் தூணை யார் தொடவிடுவார்கள்?

சிவபாலன் படியேறி வந்தபோது தையற்கடைக்காரர்கள் மெஷினை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்கள்.

"என்ன பிள்ளை, என்னை உயிரோட பாடையில ஏத்திப்போட்டீரே!"

"இருங்கோ அண்ணை. முதல்ல தண்ணி குடியுங்கோ."

"என்ர செத்தவீட்டு எட்டுச் செலவுக்கு வாறன், அப்ப குடிக்கிறன்! இண்டைக்கு ஒரு கலியாணம் போச்சுது. நாளைக்கு இன்னொண்டு போகும். உந்த முகத்தை எடும். மயிலைப் போடும்."

பிறிஜெற் திரையைப் பார்த்தாள், பிறகு கைபேசியைப் பார்த்தாள். இத்தனை நாள் தெரியாதது இப்போது பளிச்சென்று தெரிந்தது. கொட்டாஞ்சேனைச் சுவர்களில் பிறந்ததில் இருந்து பார்த்த கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, டென்மார்க்கைப் பார்த்த கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. ஆனாலும் அவள் சொன்னது இதுதான்:

"முகம் இருக்கும் அண்ணை. கறுப்புவெள்ளையும் இருக்கும்."

"உமக்கென்ன விசரே?"

"பின்னேரம் ஒண்டு காட்டுறன். பிடிக்காட்டி நுகேகொடைக்குக் குடுங்கோ. தளத்தின்ர சாவி, பாஸ்வேர்ட் எல்லாம் நானே எழுதித் தாறன்."

அவர் கையை உதறிக்கொண்டு இறங்கிப் போனார். பிறிஜெற் தளத்தை மூடி வைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு காலி வீதிக்கு வந்தாள். ஒழுங்கை முனையில் ஒரு சுவர் இருக்கிறது. கண்ணீர் அஞ்சலி ஒட்டியொட்டியே தடித்துப்போன சுவர். அதற்கு முன்னால் போய் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

முச்சக்கரவண்டிக்காரர் ஒருவர் தலையை நீட்டினார். "மிஸ், தெரிஞ்ச ஆளோ?"

"இல்லை. எப்பிடிச் செய்திருக்கினம் எண்டு பாக்கிறன்."

அவர் சிலுவை போட்டுக்கொண்டு தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

பார்க்கப் பார்க்க அவளுக்கு ஒன்று பிடிபட்டது. அந்தச் சுவரில் பாதிக்கு மேல் வண்ணப் படங்கள். நீல வானம், மேகம், சிவப்பு ரோசா. இருந்தும் எந்தக் குழந்தையும் சொல்லும், இது செத்தவர் படம் என்று. அப்படியானால் குற்றம் கறுப்புவெள்ளையில் இல்லை. ஆள் தனியாக நிற்கிறார், குற்றம் அங்கேதான் இருக்கிறது. நேரே பார்க்கிறார். கை இல்லை, நெஞ்சோடு வெட்டியிருக்கிறது. சுற்றிவர ஒன்றுமில்லை, காலடியில் வருஷம். எந்த வேலையும் செய்யாமல், யாரோடும் பேசாமல் ஒரு மனிதரை வெறும் வெளியில் நிறுத்தினால் அவர் எப்படி உயிரோடு இருப்பார்?

அங்கிருந்து நேரே கலியாண மண்டபத்துக்குப் போனாள். மறுநாள் கலியாணம் ஒன்றுக்கு சிவபாலனின் ஆட்கள் மணவறை கட்டிக்கொண்டிருந்தார்கள். சிவபாலன் தோளில் பூச்சரத்தைப் போட்டுக்கொண்டு கீழே நின்றார். அவரிடம் கனகாலமாக வேலை செய்யும் ராசிக் ஏணியில் நின்றார்.

"ராசிக்! உந்தத் தூண் என்ன, குடிச்சு வெறிச்ச ஆள் மாதிரிச் சரிஞ்சு நிக்குது?"

"அண்ணே, நீங்க மௌத்தாகிட்டதா எல்லாரும் சொன்னாங்க. இன்டைக்காவது நிம்மதியா வேலை செய்யலாம்னு ஆசையா வந்தேன்!"

மண்டபமே சிரித்தது. சிவபாலனுக்கும் சிரிப்பு வந்தது. அதை மறைக்க, "வலப்பக்கத் தூண் இன்னும் கொஞ்சம் நிமிரட்டும்!" என்று இன்னும் உரத்து ஏசினார். விரல் மேலே நீண்டிருந்தது, வாய் திறந்திருந்தது, ராசிக் ஏணியில் குலுங்கிக்கொண்டிருந்தார். பிறிஜெற் தூணுக்குப் பின்னால் நின்று படம் பிடித்தாள். ஒன்றல்ல, கைபேசி சூடாகும்வரை பிடித்தாள்.

அறைக்கு வந்து இருந்தவள் தேநீர் குடிக்கவும் எழும்பவில்லை. படத்தைக் கறுப்புவெள்ளை ஆக்கினாள். பூச்சரத்தில் மட்டும் செம்மஞ்சள் நிறத்தை விட்டாள். வருஷத்தையும் கோட்டையும் தூக்கி எறிந்தாள். கீழே சிவபாலனின் வாயில் இருந்து வந்ததையே எழுதினாள்: "வலப்பக்கத் தூண் இன்னும் கொஞ்சம் நிமிரட்டும்!" சுற்றிவர வெள்ளை அப்படியே இருந்தது. இந்த முறை பெரிய திரையை நம்பவில்லை. தன் கைபேசி, கீழே தையற்கடைக்காரியின் பழைய கைபேசி, இரண்டிலும் பார்த்தாள். வாட்ஸ்அப் பழைய முகத்தையே திரும்பத் திரும்பக் காட்டி அடம்பிடித்தது. தளத்தின் விலாசக் கடைசியில் சில எழுத்துகளை வாலாக ஒட்டி, அதையும் அடக்கினாள்.

பின்னேரம் சிவபாலனும் பத்மாவதியும் வந்தார்கள். அவர் கைபேசியை எட்டப் பிடித்துப் பார்த்தார்.

"நான் இப்பிடியே வாய் திறக்கிறனான்?"

"இதைவிடப் பெரிசா" என்றாள் பத்மாவதி.

"சும்மா இரும்." ஆனால் அவர் கைபேசியைக் கீழே வைக்கவில்லை. "தூண் உண்மையிலயே சரிஞ்சுதான் நிண்டது. படத்திலயும் தெரியுது, பார்."

பத்மாவதி அந்த இடத்தில் வைத்தே குழுக்களுக்கு அனுப்பினாள். கனடாத் தங்கச்சி உடனே அழைத்தாள். இந்த முறையும் அழுகைதான், ஆனால் வேறு அழுகை. "அண்ணை ஏசுறார், அண்ணி! எங்கட அண்ணைதான்!" யாரோ கலியாண நாளொன்று கேட்டு எழுதினார்கள். சுபோதினியும் அழைத்தாள். மன்னிப்புக் கேட்டாள், சிரித்தாள், ஆனால் மற்ற ஆளுக்கு வெற்றிலை பாக்கு வைத்துச் சொல்லியாயிற்று, இனி மாற்ற முடியாது என்றாள்.

"அந்தக் கலியாணம் போனது என்னால அண்ணை" என்றாள் பிறிஜெற். "அதை நான் மறுக்கேல்லை. இனி முடிவு உங்கட கையில."

சிவபாலன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ரயில் ஒன்று கடலோரமாகப் போனது.

"நாங்கள் கட்டின தூணும் சரியிறதுதான்" என்றார். "சரிஞ்சால் நான் வேற ஆளைக் கூப்பிடுறேல்லை. ராசிக்கைத்தான் திரும்ப ஏத்துறனான். கட்டினவனுக்குத்தான் தெரியும் எந்த ஆணி பிழை எண்டு."

சந்தோஷத்தை முகத்தில் கொட்டுகிற ஆள் இல்லை பிறிஜெற். கதிரையைத் திரைப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"மற்றப் பக்கங்களையும் தொடங்கும்" என்றார் சிவபாலன். "பூக் கட்டுற ஆக்கள், சமையல் ஆக்கள், எல்லாரும் வரட்டும். ஆனால் ராசிக்கை எனக்குப் பக்கத்தில பெரிசாப் போடாதேயும். அவனுக்குத் தலைக்கனம் வந்திடும்."

"ஆர் எங்க நிக்கவேணும் எண்டதை நான் பாக்கிறன் அண்ணை" என்றாள் பிறிஜெற்.